வௌவாலுக்கு ஒரு ஜன்னல் வைத்த கதை

செப்டம்பர் 22 அதிகாலை 4.12 மணிக்கு, எங்கள் மொட்டைமாடிக் கூண்டின் திறந்த ஜன்னல் வழியாக ஒரு வௌவால் உள்ளே வந்து, கம்பியில் குத்தி வைத்திருந்த சப்போட்டாத் துண்டைக் கவ்விக்கொண்டு, நான்கே நொடியில் வெளியேறியதைக் கேமராப் பதிவில் பார்த்தேன். முந்தைய மாலை அதே ஜன்னல் வழியாகப் போன பெண் வௌவால்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியாமல் இருப்பதற்குக் காரணம் என்னுடைய ஒரு முட்டாள்தனம். அதைப் பின்னால் சொல்கிறேன். எப்படியானாலும், ஜூன் கடைசியில் தொடங்கி, ஒரு முறை தோற்று, ஒரு கூண்டு காற்றில் சரிந்து, இரண்டாம் கூண்டில் வந்து நின்ற, காயம்பட்ட வௌவாலைத் தேற்றிப் பறக்கவிடும் வேலை அன்றுதான் கைகூடியது. அளவுகளும் செலவும் மறந்து போவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

பெங்களூரில் ஆஷாட மாதக் காற்று தொடங்கினால் அல்சூர்ப் பையன்கள் கையில் காற்றாடி ஏறிவிடும். ஜூன் 29 அன்று காலை ஏரிக்கரையில், திருவள்ளுவர் சிலையிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு தூங்குமூஞ்சி மரக் கிளையில் மாஞ்சா நூல் சுற்றிக்கொண்டு இந்த வௌவால் தொங்கியது. செயற்கை நூல் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இலேயே நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. ஆனால் மரத்தில் இருந்ததும் அதே பளபளக்கும் நைலான் நூல்தான். நான் தன்னார்வலனாக உதவி வரும் வனவிலங்கு மறுவாழ்வு மையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் வந்து நூலை அறுத்து எடுத்தார்கள். குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால், வளர்ந்த பெண், 36 கிராம். இறக்கை விரித்தால் ஏறத்தாழ ஒன்றரை அடி. எலும்பு முறியவில்லை, இடது இறக்கைச் சவ்வில், நான்காம் ஐந்தாம் விரல்களுக்கு நடுவே, இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு துளையும் அதன் கீழே ஒரு கிழிசலும் இருந்தன.

வௌவாலின் இறக்கைச் சவ்வு ஆறும் வேகத்தை நேரில் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். தையல் எதுவும் போடாமலேயே துளையின் விளிம்பு நாளுக்கு நாள் உள்நோக்கி வளர்ந்து, நான்காம் வாரத்தில் மூடிவிட்டது. புதுச் சவ்வில் இன்னும் நிறம் ஏறாததால், விளக்குக்கு எதிரே பிடித்தால் கரும்பழுப்பு இறக்கையின் நடுவில் வெளிறிய இளஞ்சிவப்புத் திட்டு ஒன்று தெரியும். ஒட்டுப் போட்ட குடை போல இருக்கும். அதைப் பார்த்த மகிழ்ச்சியில்தான் முதல் தவறைச் செய்தோம்.

ஜூலை 27 மாலை 6.20-க்கு அதை ஏரிக்கரைக்கே கொண்டுபோய், துணிப்பையிலிருந்து எடுத்து, ஒரு கிளையில் தொங்கவிட்டுப் பறக்க வைத்தோம். அந்த நாளில் பெங்களூரில் சூரியன் மறைவதே 6.45-க்கு மேல்தான், இருட்டில் அது விழுந்தால் தேட முடியாது என்று நான்தான் வெளிச்சம் இருக்கும்போதே விடலாம் என்று வற்புறுத்தினேன். இருபது அடி பறந்திருக்கும். கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காக்கைகள் இரண்டு அதைப் பார்த்துவிட்டன. தாழ்ந்து, திரும்ப முயன்று, திரும்ப முடியாமல் நடைபாதை ஓரப் புல்லில் விழுந்தது. காக்கைக்கு முன்னால் நாங்கள் ஓடிப் போய்ச் சேர்ந்தது அதன் அதிர்ஷ்டம்.

நேரம் தவறு என்பது அங்கேயே புரிந்தது. இன்னொரு தவறை மைய மருத்துவர்தான் எடுத்துச் சொன்னார். இரண்டடிப் பெட்டியில் நான்கு வாரம் தொங்கிக்கொண்டிருந்த விலங்குக்குச் சவ்வு ஆறியிருக்கலாம், நெஞ்சுத் தசை வற்றியிருக்கும். கால்கட்டு அவிழ்த்த அன்றே ஒருவரை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புகிற மாதிரிதான் அது. பறந்து பழக ஓர் இடம் வேண்டும். அது பிடிபட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால், அங்கிருந்தே விட்டுவிடலாம். என் வீடு ஏரிக்கரையிலிருந்து அறுநூறு மீட்டர். மாடி காலியாக இருக்கிறது. தொழிற்சாலைக் கருவி அறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்த கை சும்மா இருக்கிறது. மையம் வனத்துறையிடம் தெரிவித்து, பொறுப்பைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, என் மாடியைப் பயன்படுத்த ஒப்புக்கொண்டது. யாரும் தாமாக வௌவாலை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். நான் கையுறை போடுவதற்கு முன்பே வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்னெச்சரிக்கையாக 0, 7, 21 ஆம் நாட்களில் மூன்று தவணை போட்டுக்கொண்டவன். அது இல்லாதவரை மையத்தில் கூண்டுப் பக்கமே விடுவதில்லை.

முதல் கூண்டை ஒரு அங்குலப் பிவிசி குழாயில் கட்டினேன். பத்தடிக் குழாய் பதினான்கு, ஒன்று 180 ரூபாய் வீதம் 2,520. எல்போ, டீ என்னும் குழாய் இணைப்பு வகைகள் 700. எஸ்.பி. ரோட்டில் வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்து, அறுத்து, ஒட்டி, இரண்டே நாளில் நிமிர்த்திவிட்டேன். நீளம் ஐந்து மீட்டர், அகலம் இரண்டரை, உயரம் 2.2. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று தெரிந்தவன் அந்த மாதத்தில் பிவிசி சட்டத்தை மாடியில் நிறுத்தியிருக்கக் கூடாது. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் இரவு அது முழுதாகச் சாய்ந்து, தண்ணீர்த் தொட்டிமேல் படுத்துக் கிடந்தது. நல்லவேளையாக உள்ளே எதுவும் இல்லை.

அது சாயாமல் இருந்திருந்தாலும் இன்னொரு காரணத்தால் கலைத்திருப்பேன். அதன்மேல் போர்த்தியிருந்தது பால்கனியில் புறாவைத் தடுக்கக் கட்டுகிற நைலான் வலை, 1,100 ரூபாய். அதை மருத்துவரிடம் காட்டியபோது அவர் தன் சுட்டு விரலை வலைக் கண்ணில் நுழைத்து லேசாக முறுக்கிக் காட்டினார். நூல் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வௌவாலின் கட்டைவிரலில் வளைந்த நகம் ஒன்று இருக்கிறது, அதைக் கொக்கி போல மாட்டித்தான் அது ஊர்ந்து ஏறும். மாஞ்சாவிலிருந்து காப்பாற்றிய விலங்கை இன்னொரு நைலான் நூலில் மாட்டிவிட இருந்தேன்.

இரண்டாம் கூண்டுக்கு ஜீவனஹள்ளியில் எனக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறைக்குப் போனேன். வாணியம்பாடிப் பக்கத்துத் தம்பி, வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “சார், கோழிக்கா இவ்வளவு பெரிய கூண்டு?” என்றார். வௌவாலுக்கு என்றதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கூலியில் ஐந்நூறு குறைத்துக்கொண்டார். இருபத்தைந்து மில்லிமீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரக் குழாய், ஆறு மீட்டர் நீளத்தில் ஒன்பது, ஒன்று 750 ரூபாய். வெளிச் சட்டத்துக்கு மட்டும் 39 மீட்டர் போயிற்று. நடுத்தாங்கிகள், கதவு, ஜன்னல் எல்லாம் சேர்த்து 52 மீட்டர். கீழ்ச் சட்டத்தை மாடித் தரையில் துளை போட்டு இறுக்கினால் மழைநீர் இறங்கும் என்பதால், நான்கு மூலைகளிலும் சிமென்ட் நிரப்பிய பெயின்ட் வாளிகளில் குழாயின் கால்களைப் பதித்தேன். ஆகஸ்ட் 20-க்குள் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு அடித்த காற்றில் கூண்டு இம்மியும் நகரவில்லை.

வலைக்கு, மூன்று மில்லிமீட்டர் கண் கொண்ட வழுவழுப்பான பிளாஸ்டிக் வலையைத் தேர்ந்தெடுத்தேன். கால் நகம் பிடித்துத் தொங்கலாம், கட்டைவிரல் சிக்காது, சவ்வு உரசினாலும் கிழியாது. கோழிவலை மலிவு என்றாலும் அதன் முறுக்குகள் ஊசி போல நீட்டிக்கொண்டிருக்கும்; அதைத் தொடவே வேண்டாம். வலையைச் சட்டத்தின் உள்பக்கமாகக் கட்டி, கேபிள் டையின் வெட்டிய முனைகள் எல்லாம் வெளியே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். முதல் நாள் இதைக் கவனிக்காமல் கட்டிவிட்டு, உள்ளே என் தலையையே கீறிக்கொண்ட பிறகு, இருநூறுக்கும் மேற்பட்ட முனைகளைத் திருப்பிக் கட்டினேன். கூரையில் பாதிக்குத் தார்ப்பாய், பாதிக்கு நிழல்வலை.

அன்றிரவே வௌவாலை உள்ளே விட்டோம். நேராகப் போய்க் கடைசி வலையில் மோதி, வழுக்கி இறங்கி, அங்கேயே தொங்கியது. மறுபடியும் பறந்து, மறுபடியும் மோதியது. பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் ஒலி எழுப்பி எதிரொலியைக் கேட்டு வழி அறிபவை. இந்தப் பழந்தின்னி இனம் கண்ணையும் மூக்கையுமே நம்புகிறது. கறுப்பு வலை இருட்டில் அதன் கண்ணுக்கு இல்லாத ஒன்று. பழைய வேட்டியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, முக்கால் அடிக்கு ஒன்றாக இரண்டு குறுக்குச் சுவர்களிலும் தொங்கவிட்டேன். மறுநாள் இரவு அது துணிக்கு ஒரு முழம் முன்பாகவே திரும்பிவிட்டது. மொத்த வேலையிலும் காசு செலவில்லாமல் கிடைத்த ஒரே வெற்றி இதுதான்.

பறக்கும் பழக்கத்தை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். முதல் இரவு இரண்டு சுற்று. உடனே கூரையில் தொங்கி, வாய் திறந்து மூச்சு வாங்கியது. பத்தாம் நாள் பதினொரு சுற்று. நான்காம் வாரத்தில் பதினைந்து நிமிடம் இளைப்பாறாமல் பறந்தது. சுற்றுகளின் எண்ணிக்கையைவிடத் தொங்கும் விதம்தான் உண்மையான சோதனை என்று பிறகு புரிந்துகொண்டேன். பலம் இல்லாத நாட்களில் அது வலையில் மார்பு பட விழுந்து, பிறகு ஊர்ந்து தலைகீழாகும். பலம் வந்த பிறகு, கூரைக்குக் கீழே ஒரு கணம் நின்று, உடலை மேல்நோக்கிச் சுழற்றி, இரண்டு கால்களையும் ஒரே சமயத்தில் கூரையில் மாட்டிக்கொள்ளும். அப்போது கூரை வலை லேசாக ஒரு முறை அதிரும், அவ்வளவுதான் சத்தம். எடையைச் சமையலறைத் தராசில் பார்த்து ஏமாந்து, பிறகு 450 ரூபாய்க்கு நகைத் தராசு வாங்கினேன். விடும் நாளில் 44.2 கிராம்.

உணவு ஒரு இரவுக்கு ஒரு வௌவாலுக்கு ஐம்பது அறுபது கிராம்: சப்போட்டா, கொய்யா, கொஞ்சம் ஏலக்கி வாழை. பழத்தைத் தட்டில் வைத்தது இன்னொரு தவறு. எறும்பு மொய்த்தது மட்டுமல்ல, தட்டுக்குப் பழகிய வௌவால் வெளியே போய் எந்த மரத்தில் தட்டைத் தேடும்? ஆகஸ்ட் 24-இல் மையம் இரண்டாவதாக ஓர் இளம் ஆண் வௌவாலைக் கொண்டுவந்து சேர்த்தது; பூனை வாயிலிருந்து மீட்டுச் சிகிச்சை முடிந்தது, 26 கிராம். அதுவரை கையால் கொடுத்ததையே தின்று வளர்ந்த அதற்குப் பழம் என்றால் வெட்டிய துண்டுதான். எங்கள் தெருவில் நிற்கும் தேன்பழ மரத்திலிருந்து, கன்னடக்காரர்கள் கசகசே ஹண்ணு என்பார்களே, அதிலிருந்து காயும் பழமுமாகக் கிளை ஒடித்து, தினம் ஓர் இடத்தில் கட்டினேன். பெரியது முதல் இரவே இலைக்குள் மூக்கை விட்டுச் சிவந்ததை மட்டும் பறித்தது. சின்னது இரண்டு இரவு அந்தக் கிளையிலேயே தொங்கிக்கொண்டு பட்டினி கிடந்தது. மூன்றாம் இரவுதான் பெரியது செய்வதைப் பார்த்தோ, பசியிலோ, பறித்துத் தின்னக் கற்றது. காலையில் தரையில், சாற்றை உறிஞ்சிவிட்டுத் துப்பிய சக்கை உருண்டைகள் தட்டையாகக் காய்ந்து கிடந்ததை எண்ணித்தான் அது தின்றதை உறுதி செய்தேன்.

கீழ்வீட்டு அம்மா ஒரு நாள் படியேறி வந்து, “பாவலி எல்லாம் மேல இருந்தா நிபா வராதா சார்?” என்று கேட்டார். கோழிக்கோட்டில் 2018-இல் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர் கேட்பதில் தவறில்லை. நிபா வைரஸுடன் முதன்மையாகத் தொடர்புபடுத்தப்படுவது பறக்கும் நரி எனப்படும் பெரிய பழந்தின்னி என்றும், இங்கே இருப்பது வேறு இனம் என்றும் சொன்னேன். ஆனாலும் அதை மட்டும் நம்பி நான் வேலை செய்யவில்லை என்பதையும் காட்டினேன். முகக்கவசம், கையுறை, தனிச் செருப்பு. எச்சமும் சக்கையும் பிளீச்சிங் கரைசல் தெளித்து ஈரமாகவே வழித்தெடுக்கப்படும், துடைப்பத்தால் தூசி பறக்கப் பெருக்குவதில்லை. வௌவால் கடித்த பழம் எதுவும் மாடியை விட்டுக் கீழே வராது. அவர் முழுக்கச் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை. துணி காயப்போடுவதை மட்டும் பக்கத்து மாடிக்கு மாற்றிக்கொண்டார். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே பழந்தின்னி வௌவாலைக் காக்கை, எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில்தான் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் ஒழிந்தது. சட்டத்துக்கே ஐம்பது ஆண்டு ஆயிற்று, அந்த அம்மாவை அவசரப்படுத்த நான் யார்?

இனி ஜன்னல். கூரைக்குச் சற்றுக் கீழே, ஏரிப் பக்கச் சுவரில், இரண்டடிக்கு இரண்டடி. கீலைக் கீழ்ப்பக்கம் வைத்து, வெளியே சாய்ந்து திறக்கும்படி செய்தேன்; மேல்பக்கம் வைத்தால் காற்றில் அடித்து மூடிவிடும். வெளிப்புறம் பூனை ஏறிவர முடியாதபடி அந்தப் பக்கத்தில் தொட்டியோ மேசையோ எதுவும் இல்லாமல் ஒதுக்கினேன். திட்டம் எளிது: பொழுது சாய்ந்து காக்கைகள் அடங்கிய பிறகு திறப்பது, யாரும் துரத்தாமல் அதுவாகப் போனால் போகட்டும் என்று விடுவது, சில நாள் கூண்டிலேயே பழம் வைத்திருப்பது. நிலா வெளிச்சத்தில் இந்த இனம் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், மகாளய அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பாக, செப்டம்பர் 19 என்று நாள் குறித்தோம்.

19 ஆம் தேதி ஜன்னலை நானே நின்று கையால் திறந்தேன். என் நிழலைக் கண்டு இரண்டும் எதிர் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டன. இரவு முழுக்க ஜன்னல் பக்கமே வரவில்லை. மறுநாள் ஒரு நைலான் கயிற்றைச் சிறு கப்பி வழியாக ஓட்டி, படிக்கட்டு அறைக்குள்ளிருந்தே தளர்த்தும்படி மாற்றினேன். அன்றும் போகவில்லை. பெரியது ஜன்னல் வரை இரண்டு முறை வந்து, சட்டத்தருகே திரும்பிவிட்டதைக் கேமராவில் பார்த்தபோதுதான் தெருவிளக்கு கண்ணில் பட்டது. மாநகராட்சி மாற்றியிருக்கும் வெள்ளை எல்இடி விளக்கு சரியாக அந்த ஜன்னலுக்கு எதிரே எரிகிறது. பகலில் ஜன்னலுக்கு இடம் பார்த்தவனுக்கு அது எப்படித் தெரியும்? 21 ஆம் தேதி மதியம் கைப்பிடிச் சுவரில் இரண்டு மூங்கில் நட்டு நிழல்வலையை நான்கு மடிப்பாகக் கட்டி விளக்கை மறைத்தேன். அன்று மாலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குப் பெரியது ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வேகம் குறைக்காமல், ஜன்னலைத் தாண்டிப் போயிற்று. விளக்கை மறைத்ததாலா, அமாவாசை இருட்டாலா, மூன்று நாளில் பயம் தெளிந்ததாலா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை.

அடையாளம் பற்றிச் சொல்ல வேண்டும். வளையம் மாட்ட எங்களுக்கு அனுமதி இல்லை; ஆகவே பெரியதன் வலக்கால் நகங்களில் மனைவியின் சிவப்பு நகப்பூச்சைத் தொட்டு வைத்திருந்தேன். பகலில் பளிச்சென்று தெரிந்தது. 1,900 ரூபாய்க் கேமரா இரவில் அகச்சிவப்பில் படம் எடுக்கும். அந்தப் படத்தில் உலகமே சாம்பல் நிறம். சிவப்பு நகமும் சாதாரண நகமும் ஒன்றுதான். பழத்துக்கு வெளி வௌவால்களும் வந்து போகக்கூடும் என்பதால், 22 ஆம் தேதி வந்தது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சின்னதற்கு மருத்துவர் தோள்பட்டையில் கடுகளவு அல்ல, ஒரு கடலைப்பருப்பு அளவுக்கு முடியைக் கத்தரித்துவிட்டார். அது கேமராவில் தெளிவாகத் தெரிந்தது. 23 ஆம் தேதி பெருமழை என்பதால் ஜன்னலைத் திறக்கவில்லை. 24 அன்று சின்னது போனது. 25, 26 இரண்டு அதிகாலையிலும் கத்தரித்த தோளோடு திரும்பி வந்து, துண்டைக் கவ்விக்கொண்டு வெளியே போய்விட்டது. இந்த இனம் பழத்தைப் பறித்த இடத்தில் தின்னாமல் வேறு மரத்துக்குக் கொண்டுபோய்த் தின்னும் என்பதால், உள்ளே தங்காதது நல்ல அறிகுறியாகவே எனக்குப் பட்டது. 27 முதல் வரவில்லை. பழத்தைத் தினம் பாதியாகக் குறைத்து, அக்டோபர் 1 அன்று நிறுத்திவிட்டேன்.

செலவு: குழாய் 6,750, வெல்டிங் 2,500, வலை 2,250, தார்ப்பாயும் நிழல்வலையும் 900, கீல், தாழ்ப்பாள், கப்பி, கேபிள் டை 400, கேமரா 1,900, ஆக 14,700. இதற்கு மேல் பிவிசியிலும் புறா வலையிலும் விட்ட 4,320 என் படிப்புக் கட்டணம். தராசும் பழமும் தனி.

அடுத்த முறை மாற்ற வேண்டியவற்றில் முதலாவது கதவு. ஒரு நாள் நான் நுழையும்போது சின்னது என் காதோரமாகப் பறந்து படிக்கட்டு அறைக்குள் போய்விட்டது. அங்கே கதவு மூடியிருந்ததால் பிழைத்தேன். கதவுக்கு முன்னால் மூன்றடிக்கு ஒரு சிறு அறை போல வலை கட்டி, அதற்கும் ஒரு கதவு போட வேண்டும். ஜன்னல் இரண்டு வேண்டும், எதிரெதிர்ச் சுவர்களில். எந்தப் பக்கம் இருட்டோ அதைத் திறக்கலாம். ஐந்து மீட்டர் நீளம் குறைவு. நேராகப் பறக்கும் தூரத்தைவிடத் திரும்பும் நேரமே அதிகமாகிறது, ஏழு மீட்டராவது இருக்க வேண்டும். கூடுதல் இரண்டு மீட்டரை இணைத்துத் தர வெல்டிங் தம்பி வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்; அதற்குள் அந்தப் பக்கத்துத் துளசித் தொட்டிகளை எங்கே நகர்த்துவது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.